சீட்டில் இல்லாத பெயர்: ‘அலாட்’ என்னும் வினைச்சொல்லும் பழவேற்காட்டுப் பாடும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரின் பெருமையைச் சொல்லித் தொடங்குவது வழக்கம். நம் மூத்த தோழர் அதை விரும்பியிருக்க மாட்டார். மன்றக் கூட்டங்களில் யாராவது தம்மைப் புகழ ஆரம்பித்தால், “விஷயத்துக்கு வாப்பா” என்று கையை அசைப்பார். எனவே விஷயத்துக்கே வருகிறோம். விஷயம் ஓர் ஆங்கில வினைச்சொல். ‘அலாட்.’

இது நமக்குத் தெரியாத சொல் அல்ல. “குடிசை மாற்று வாரியத்துல வீடு அலாட் ஆச்சா?”, “பையனுக்கு எந்தக் காலேஜ் அலாட் ஆயிருக்கு?”, “அலாட்மென்ட் ஆர்டர் கைக்கு வந்துச்சா?” என்று பள்ளிக்கூடப் படி ஏறாதவர்களும் அன்றாடம் சொல்கிறார்கள். அரசிடமிருந்து ஏழைக்கு எது வந்தாலும் அது இந்தச் சொல்லின் வழியாகத்தான் வருகிறது. வராமல் போவதும் இதன் வழியாகத்தான்.

இந்தச் சொல்லை நாங்கள் நின்று கவனித்தது பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள ஒரு சேரியில். ஊரின் பெயரை இங்கே சொல்லவில்லை; சொன்னால் அங்கே இருப்பவர்களுக்குத்தான் சிக்கல். தலைமுறைகளாக ஏரியில் மீன் பிடித்துப் பிழைக்கும் தலித் குடும்பங்கள். சில ஆண்டுகளுக்கு முன் அவர்களோடு உட்கார்ந்து ஒரு மனு எழுதினோம். கோரிக்கை ஒரே வரி: ‘எங்களுக்கும் பாடு ஒதுக்க வேண்டும்.’ தமிழில் எழுதி முடித்தாயிற்று. மேலே உள்ளவர்களுக்கும் ஆணையங்களுக்கும் அனுப்ப ஆங்கிலத்தில் ஒரு படி வேண்டுமே. ‘பாடு’ என்பதை அப்படியே விட்டோம். ‘ஒதுக்க’ என்பதற்கு எங்களில் ஒருவர் யோசிக்காமல் ‘அலாட்’ என்று எழுதினார். இரண்டையும் வாசித்துக் காட்டினோம். எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் கேட்டார்:

“அந்த இங்கிலீசு வார்த்தைக்கு இன்னா அர்த்தம் தம்பி? குடுன்னு அர்த்தமா, தள்ளி வையின்னு அர்த்தமா?”

சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றது. தமிழில் ‘ஒதுக்கு’ என்பது இரண்டும்தான். இடம் ஒதுக்குகிறார்கள், ஊரைவிட்டும் ஒதுக்குகிறார்கள். இட ஒதுக்கீடு என்பதும் ஒதுக்குப்புறம் என்பதும் ஒரே வேரில் முளைத்தவை. ஒரே வினை நமக்கு ஒன்றைத் தருகிறது, நம்மை ஓரத்திலும் வைக்கிறது. பெரியவர் கேட்டது சரியான கேள்வி. ஆங்கிலச் சொல்லுக்கும் அந்த இரட்டை முகம் உண்டா என்று தேடிப் போனதில் கிடைத்தவைதான் இன்றைய உரை.

முதலில் பாடு. ஏரியை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பழவேற்காடு, சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தெற்குப் பகுதி திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில். ஆழம் சராசரியாக ஒரு மீட்டர் அளவே. ஆரணி ஆறும் காளங்கி ஆறும் நன்னீர் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறி இறங்குகிறது. இறால் குஞ்சாக ஏரிக்குள் வந்து, வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்பும். அது திரும்பும் வழியில், நீரோட்டம் ஓடும் இடத்தில், கழி ஊன்றி வலை கட்டியவருக்குத்தான் வருமானம். ஏரி பெரியது, நல்ல இடம் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தைச் சண்டையில்லாமல் பங்கிட்டுக்கொள்ள ஏற்பட்ட முறைதான் பாடு.

செபாஸ்டியன் மேத்யூ 1991இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்புக்காக எழுதிய ஆய்வில் இந்த முறையை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய பட்டினவர் ஊர்கள் பாட்டு நீரை முறைவைத்து அனுபவிக்கின்றன. ஊருக்குள் தலைக்கட்டுக் கணக்கு. ஆண் தலைக்கட்டு, பெண்ணுக்குத் தனியாகப் பங்கு கிடையாது. யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்பது சீட்டில் முடிவாகிறது. இன்று நல்ல இடம் விழுந்தவருக்கு நாளை மட்டமான இடம் விழும். வலிமை உள்ளவன் முந்திக்கொள்ள முடியாது. பணம் உள்ளவன் நிரந்தரமாகப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. எழுதப்பட்ட சட்டம் எதுவும் இல்லாமல் இவ்வளவு ஒழுங்கு. வெளியிலிருந்து வரும் ஆய்வாளர்கள் வியப்பதில் வியப்பில்லை.

ஆனால் அந்தச் சீட்டில் யாருடைய பெயர் இருக்கிறது? பாட்டு ஊரில் பிறந்த பட்டினவர் பெயர். அதே ஏரியில் அதே இறாலைப் பிடிக்கும் தலித்துகள் பெயர் இல்லை. இருளர் பெயர் இல்லை. பழவேற்காட்டில் இருளர் பெண்கள் மீன் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பனையோலைப் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டு, நீரில் அமிழ்ந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவி இறாலை எடுக்கிறார்கள். அவர்கள் செய்வது மீன்பிடித் தொழில் இல்லை என்றால் வேறு எதுதான் மீன்பிடித் தொழில்? எண்பது, தொண்ணூறுகளில் இறால் ஏற்றுமதிச் சரக்காகி விலை ஏறியபோது ஏரியில் இறங்கும் கைகள் பெருகின, மோதல்களும் பெருகின. சாரா கூல்தார்ட் 2008இல் வெளியிட்ட ஆய்வு, பாடு உள்ளோர், பாடு இல்லாதோர் என்ற பிளவு சாதியின் பிளவாகவே இருப்பதைக் காட்டுகிறது. ஏரிக்கரையில் இதற்கு ஆய்வு தேவைப்படவில்லை. “பாடு படறதெல்லாம் நாங்க. பாடு மட்டும் இல்ல” என்று மனு எழுதிய அன்று ஒரு அக்கா சொன்னார்.

அந்த அக்கா சொன்னது வெறும் சொல் விளையாட்டு அல்ல. ‘படு’ என்ற வினையிலிருந்து வந்தது ‘பாடு’. வலையில் மீன் படுகிறது. அதனால் பிடிபட்டது மீன்பாடு. அது விழும் இடமும் பாடு, அந்த இடத்தில் இறங்கும் முறையும் பாடு. துன்பமும் பாடு. ‘அவனவன் பாடு அவனவனுக்கு’ என்னும்போது அது ஒருவனுக்கு வாய்த்த வாழ்க்கை. வயிற்றுப்பாடு, படாத பாடு, பெரும்பாடு. பங்கும் துன்பமும் விதியும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன.

இனி ஆங்கிலத்துக்குப் போவோம். ‘அலாட்’ என்பதன் உள்ளே இருப்பது ‘லாட்’. பழைய ஆங்கிலத்தில் அது ‘ஹ்லொட்’. அந்தச் சொல் ஒரு பொருளைக் குறித்தது: ஒரு மரத்துண்டு. ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் ஏறத்தாழ கி.பி. 98இல் எழுதிய ‘ஜெர்மானியா’வில் அந்த மக்களின் வழக்கத்தைச் சொல்கிறார். காய்க்கும் மரத்தின் கிளை ஒன்றை வெட்டித் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் ஓர் அடையாளம் கீறி, வெள்ளைத் துணியின் மேல் கலைத்துப் போடுவார்கள். வானத்தைப் பார்த்து வேண்டிக்கொண்டு மூன்று துண்டுகளை எடுத்துக் குறி சொல்வார்கள். நம் ஊரில் சீட்டுக் குலுக்குவதும் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பதும் இதன் உறவுதான்.

மரத்துண்டைக் குறித்த சொல் பிறகு அது தீர்மானித்த பங்கைக் குறித்தது. பங்காகக் கிடைத்த நிலத்தைக் குறித்தது. ஒருவனுக்கு வாய்த்த வாழ்க்கையை, தலைவிதியைக் குறித்தது. அமெரிக்காவில் குடியேறியவர்கள் நிலத்தைச் சீட்டுப் போட்டுப் பிரித்ததால் வீட்டுமனைக்கே ‘லாட்’ என்று பெயர் வந்தது. ஏலத்தில் ஒரு குவியல் சரக்கும் லாட். நம் மீன் ஏலக் கூடங்களிலும் அது கேட்கிறது. நிறைய என்று சொல்லவும் இன்று அதே சொல். இந்தச் சொல் ஜெர்மானிய மொழிகளிலிருந்து பிரெஞ்சுக்குப் போய், அங்கே ‘ஒருவரை நோக்கி’ என்று பொருள்படும் ஒரு முன்னொட்டைச் சேர்த்துக்கொண்டு, வினையாகி, பதினைந்தாம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்குத் திரும்பி வந்தது. அதுதான் அலாட். அதாவது, சீட்டில் விழுந்த பங்கை ஒருவர் கையில் கொடுப்பது.

மரத்துண்டு, பங்கு, விதி. பாடு போன அதே வழியில்தான் லாட்டும் போயிருக்கிறது. இரண்டு மொழிகளுக்கும் வேர் உறவு இல்லை. இருந்தும் இரண்டு சமூகங்கள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. சீட்டில் விழுந்ததை மனிதர்கள் விரைவில் தலையில் எழுதியதாக எடுத்துக்கொள்கிறார்கள். சீட்டைப் போட்டவர் யார் என்பது மறந்து போகிறது.

இங்கிலாந்திலும் பாடு இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டு அருகே யார்ன்டன் என்ற ஊரில், ஆற்றோரப் புல்வெளியின் வைக்கோல் உரிமையை ஆண்டுதோறும் 13 மர உருண்டைகளைக் கொண்டு சீட்டெடுத்துப் பிரித்தார்கள். ஒவ்வோர் உருண்டைக்கும் ஒரு பெயர். உருண்டையில் பெயர் உள்ளவருக்கு அந்த ஆண்டு ஒரு துண்டு புல்வெளி. அந்த வழக்கம் இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. ஆனால் பெரும்பாலான இங்கிலாந்து ஊர்களில் அதற்கு முன்பே கதை மாறிவிட்டது. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றம் சட்டம் மேல் சட்டமாகப் போட்டு ஊர்ப் பொது நிலங்களுக்கு வேலி அடைத்தது. ஆணையர்கள் வந்து பொது நிலத்தை அளந்து, உரிமைப் பத்திரம் உள்ளவருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அந்தச் செயலுக்குச் சட்டத்தில் இருந்த பெயர்தான் அலாட்மென்ட். பத்திரம் இல்லாமல் அந்த நிலத்தில் ஒரு மாடோ நாலு வாத்தோ மேய்த்து வாழ்ந்த குடிசைக்காரர்கள் வெளியே நின்றார்கள். பின்னாளில் அவர்களுக்குக் காய்கறி போட்டுக்கொள்ளச் சிறு துண்டு நிலம் கொடுத்தார்கள். அதற்கும் அலாட்மென்ட் என்றே பெயர். பறித்ததும் ஒரே சொல், பிச்சையாகக் கொடுத்ததும் அதே சொல். பெரியவரே, உங்கள் கேள்விக்கு இதுதான் பதில். ஆங்கிலத்திலும் இரண்டும்தான்.

சொல்லோடு சேர்த்து ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. டச்சுக்காரர்கள் 1613இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். அவர்கள் மொழியிலும் ‘லாட்’ உண்டு. விதி என்றே பொருள். பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில் இந்தக் கரையிலிருந்து மனிதர்களை அடிமைகளாக வாங்கி பத்தாவியாவுக்கும் இலங்கைக்கும் கப்பலேற்றினார்கள். பதினேழாம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கானோர் அப்படிப் போனார்கள். அந்தக் கல்லறைத் தோட்டத்தின் செதுக்கு வேலைப்பாட்டைப் பார்க்க இன்று சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். கப்பலேறியவர்களுக்குக் கல் இல்லை. பஞ்சத்தில் முதலில் விலைக்குப் போகிறவர் யார் என்பதை இந்த அவையில் விளக்க வேண்டியதில்லை.

நம் பள்ளிப் பாடநூல்கள் பெருமையாகச் சொல்லும் சீட்டு ஒன்று இருக்கிறது. உத்திரமேரூர்க் குடவோலை. முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள். 30 குடும்புகள், ஓலையில் பெயர், குடத்தில் ஓலை, விவரம் அறியாத சிறுவன் கையை விட்டு எடுப்பான். உலகத்துக்கே நாம்தான் தேர்தலைக் கற்றுக்கொடுத்தோம் என்று மேடைதோறும் பேசுகிறார்கள். குடத்துக்குள் போவதற்கான தகுதிகளும் அதே கல்வெட்டில் இருக்கின்றன: கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதப் பயிற்சி. அது பிராமணர் ஊர்ச் சபை. அந்த நிலத்தில் உழுதவர்கள் பெயர் ஓலையில் ஏறவில்லை. சிறுவன் கள்ளம் அறியாதவன்தான். குடம்தான் எல்லாம் அறிந்த குடம்.

இதைப் பழங்கதை என்று தள்ள முடியாது. ஏனென்றால் அதே தொண்டை மண்டலத்தில் நிலமும் சீட்டில்தான் மாறியது. சென்னையின் கலெக்டராக இருந்த எல்லிஸ், மிராசு உரிமை பற்றி அரசு கேட்ட 17 கேள்விகளுக்கு எழுதிய பதில் 1818இல் அச்சானது. அதில் பசுங்கரை, அறுதிக்கரை என்ற இரண்டு முறைகளை விவரிக்கிறார். அறுதிக்கரையில் மிராசுதாரின் நிலம் நிரந்தரம். பசுங்கரையில் ஊர் நிலம் பொது. குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை மிராசுதாரர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்வார்கள். இதற்குக் கரையீடு என்று பெயர். கரையீடும் பாடும் ஒரே மண்ணின் பிள்ளைகள் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. நல்ல வயலும் மட்ட வயலும் எல்லாப் பங்காளிக்கும் மாறி மாறி வரும். அவ்வளவு நியாயம். அந்த நியாயத்தின் அடியில் பண்ணை அடிமைகளாகப் பறையரும் பள்ளரும் இருந்தார்கள். கரையீட்டில் அவர்கள் பெறுபவர்கள் அல்ல; பெறப்பட்டவற்றில் ஒன்று.

பழவேற்காடும் பொன்னேரியும் அப்போதைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தன. அந்த மாவட்டத்தின் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை பற்றி ஒரு குறிப்பு எழுதினார். தரிசு நிலம் கேட்டு ஒரு பறையர் தர்காஸ்து மனுப் போட்டால், மிராசுதாருக்குத்தான் முன்னுரிமை என்ற விதி அதைத் தட்டிவிடுவதை அவர் எடுத்துக்காட்டினார். அதே ஆண்டு அயோத்திதாசரும் திராவிட மகாஜன சபையின் வழியாக நிலக் கோரிக்கையை எழுப்பினார். 1892 செப்டம்பர் 30இல் வெளிவந்த அரசாணைதான் பஞ்சமி நிலத்துக்குத் தொடக்கம். 10 ஆண்டுகள் விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கு மட்டுமே விற்கலாம் என்ற நிபந்தனையோடு நிலம் ஒப்படைக்கப்பட்டது. 12 லட்சம் ஏக்கர் என்று சொல்கிறோம். அதில் எவ்வளவு இன்று யார் கையில் இருக்கிறது என்பதும் இந்த அவைக்குத் தெரியும். அதைக் கேட்டதற்காகத்தான் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார்கள். காரணை மண் அது.

நிலத்துக்காவது 1892 என்று ஒரு தேதி இருக்கிறது. காட்டுவதற்கு ஓர் அரசாணை எண் இருக்கிறது. நீருக்கு அது இல்லை. ட்ரெமென்ஹீரின் குறிப்பு வயலைப் பார்த்தது, ஏரியைப் பார்க்கவில்லை. நாமும் பார்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தலித் இயக்கத்தின் நிலக் கோரிக்கை நஞ்சை புஞ்சையோடு நின்றுவிட்டது. 1927இல் மகாடு குளத்தில் அம்பேத்கர் அள்ளிய நீர் குடிநீர். பிழைப்பு நீர் பற்றி நாம் அதிகம் பேசவில்லை. பேசியிருந்தால், ‘மீனவர்’ என்ற சொல்லைச் சாதிப் பெயராக அரசு அலுவலகங்கள் படிப்பதை எப்போதோ கேள்வி கேட்டிருப்போம். 2004 சுனாமிக்குப் பின் நிவாரணத்தில் தலித்துகள் ஒதுக்கப்பட்டதைப் பற்றி மனித உரிமை அமைப்புகள் அப்போதே அறிக்கைகள் வெளியிட்டன. கடற்கரையில் வாழ்ந்தும் மீன் பிடித்தும்கூட, பட்டியலில் மீனவராக இல்லாதவருக்குப் போனது போனதுதான்.

எங்கள் மனுவுக்கு ஒரு அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. பாடு, மரபுவழி மீனவர்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்ற பொருளில் நாலு வரி. அதைத் திரும்பத் திரும்பப் படித்தோம். ‘ஒதுக்கப்பட்டிருக்கிறது.’ யார் ஒதுக்கினார்கள்? எப்போது? வாக்கியத்தில் ஆள் இல்லை. ஆங்கிலத்தில் அலாட் என்ற வினையும் அலுவலகக் கடிதங்களில் பெரும்பாலும் இப்படித்தான் வரும், செய்தவர் தலைமறைவாகி. தமிழில் இந்த வேலையைச் செய்து கொடுப்பது எது? அதே ‘படு’. பாட்டைத் தந்த ‘படு’தான். ஒதுக்கப்பட்டோர், தாழ்த்தப்பட்டோர், ஒடுக்கப்பட்டோர், தீண்டப்படாதோர். நமக்கு வைத்த பெயர்கள் அத்தனையிலும் அது இருக்கிறது. தாழ்த்தியவர் பெயர் ஒன்றிலும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? அரசமைப்பின் 15ஆம் பிரிவு கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் பாகுபாடு கூடாது என்கிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இன்னும் ஒரு படி போய், நிலத்தின் மீதோ நீரின் மீதோ ஒருவருக்குள்ள உரிமையை அனுபவிக்க விடாமல் குறுக்கிடுவதைக் குற்றமாக்குகிறது. ‘நீர்’ என்ற சொல் சட்டத்தில் இருக்கிறது, மகிழ்ந்தோம். அடுத்த வார்த்தைதான் இடித்தது: ஒருவருக்குள்ள ‘உரிமை’. ஏற்கெனவே உரிமை இருந்தால்தான் குறுக்கீடு குற்றம். பாட்டு முறையின்படி எங்கள் ஆட்களுக்கு அந்த உரிமை இருந்ததே இல்லை. குடத்துக்குள் இருப்பவரைச் சட்டம் காக்கும். வெளியே நிற்பவர் முதலில் உள்ளே வர வேண்டும்.

சமூகவியல் வகுப்பில் படித்தது ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. எலினார் ஆஸ்ட்ரம், 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். பொதுவளங்களை அரசோ தனியாரோ இல்லாமல் மக்களே நன்றாக நிர்வகிக்க முடியும் என்று நிறுவியவர். 1990இல் வந்த அவருடைய நூலில் துருக்கியின் அலான்யா என்ற கடற்கரை ஊர் வருகிறது. அங்கேயும் பாடுதான்: ஆண்டுதோறும் செப்டம்பரில் மீனவர்கள் சீட்டெடுத்து, மீன்பிடி இடங்களை முறைவைத்து மாற்றிக்கொள்கிறார்கள். இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் மீனவர் சங்கங்கள் இப்படிச் சீட்டெடுத்தே வலை கட்டுகின்றன; அங்கேயும் அதன் பெயர் பாடு. இத்தகைய அமைப்புகள் நீடிக்க ஆஸ்ட்ரம் சொன்ன முதல் நிபந்தனை, எல்லை தெளிவாக இருக்க வேண்டும், யாருக்கு உரிமை என்பது உறுதியாகத் தெரிய வேண்டும் என்பது. வகுப்பில் அதைக் குறிப்பெடுத்துக்கொண்டோம். ஏரிக்கரையில் உட்கார்ந்தபோதுதான் அது உறைத்தது. இந்தியாவில் மிகத் தெளிவான எல்லை எது? ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருக்கிறதே, அதுதான். அதைவிடத் தெளிவான எல்லையை எந்த நில அளவையரும் போட முடியாது.

இதைச் சொல்வதால் பாட்டை ஒழிக்க வேண்டும் என்று நாங்கள் கேட்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்படி ஒரு யோசனை அந்தச் சேரியிலேயே வந்தது. இளைஞர் ஒருவர், “நமக்கு இல்லாத பாடு யாருக்கும் வேணாம்” என்றார். பெரியவர்தான் மறித்தார். பாடு போனால் பணமும் எஞ்சினும் உள்ளவன் முகத்துவாரத்தை மொத்தமாக வளைத்துப் போடுவான், பட்டினவருக்கும் இல்லாமல் நமக்கும் இல்லாமல் போகும் என்றார். அவர் சொன்னது சரி. பட்டினவரும் ஏழைகள்தான். முகத்துவாரம் தூர்ந்தால் அவர்கள் வலையும் காயும். எண்ணூரிலிருந்து அனல் மின் நிலையங்களும் துறைமுகங்களும் வடக்கே நகர்ந்து வரும்போது அவர்கள் கரையும் கரையும். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்துப் பழவேற்காட்டு மீனவ ஊர்கள் தெருவுக்கு வந்தபோது, அந்தக் கோரிக்கை சேரிக்கும் உரியது என்றுதான் நாங்கள் நினைத்தோம், இன்றும் நினைக்கிறோம். ஏரியைக் காக்க எல்லோரும் வேண்டும், பங்கிட மட்டும் சிலர் போதும் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

ஒரு பக்கக் கதை. பழவேற்காட்டில் மகிமை மாதா கோயில் இருக்கிறது, போர்த்துக்கீசியர் காலத்தது. ஏரிக்கரையில் பல சாதிக்காரர்களும் அங்கே கும்பிடுகிறார்கள். சிலுவையில் அறைந்த பிறகு போர்வீரர்கள் ஏசுவின் அங்கிக்காகச் சீட்டுப்போட்ட கதையைப் புனித வெள்ளி தோறும் கேட்கிறார்கள். அந்தச் சீட்டு முறையாகத்தான் நடந்தது, யாரும் ஏமாற்றவில்லை. அங்கிக்கு உரியவர் மேலே தொங்கிக்கொண்டிருந்தார்.

மனுவை மறுபடி எழுதினோம். தமிழில் ‘ஒதுக்க’ என்ற சொல்லை அடித்துவிட்டோம், ஆங்கிலத்தில் ‘அலாட்’டையும். அதற்குப் பதில் எதைப் போடுவது என்பதில் ஒரு சாயங்காலம் முழுவதும் போனது. ‘வழங்க’ என்றார் ஒருவர். அது தர்மம் கேட்பதுபோல் இருக்கிறது என்றார் அக்கா. ‘அனுமதிக்க’ என்றார் இன்னொருவர். யாருடைய அனுமதி என்று கேட்டார்கள். கடைசியில் பெரியவர் சொன்னதை அப்படியே எழுதினோம்: ‘பாட்டுச் சீட்டில் எங்கள் தலைக்கட்டுகளின் பெயர்களையும் சேர்த்து எழுத வேண்டும்.’ கீழே பெயர்களை வரிசையாக எழுதத் தொடங்கினோம். அக்கா தம் பெயரைச் சொன்னார். தலைக்கட்டு என்றால் ஆம்பிளை பேருதானே என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

“ஏரியில இறங்கறது நானுந்தானே? எழுது தம்பி” என்றார் அவர்.

எழுதினோம். மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது.